கொம்பு நீலம்

அந்த இஞ்சினுக்கு நீலம் பூசியது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி வரும் பக்கங்களில் வேறு சிலர்மேல் எனக்குள்ள கோபம் வெளிப்படையாகத் தெரியும். அதைப் படிக்கிறவர்கள், என் பங்கை நான் மறைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

யுத்த காலம். குண்டு விழும் என்ற பயத்தில் சென்னை பாதி காலியானபோது, நான் வேலை பார்த்த பத்திரிகை என்னை விழுப்புரத்துக்கு அனுப்பியது. ஜங்ஷனுக்கு எதிரில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ஜில்லாச் செய்திகளை எழுதி உறையில் போட்டு மதிய ரயிலில் சேர்ப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து மரக்காணம் சாலையில் அக்கா வீட்டுக்குப் போவேன். பெருமுக்கல் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற கிராமம் அது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாமா காய்ச்சலில் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே தம்பியிடமிருந்து பாகம் பிரிந்து, பத்திரமும் பதிவாகியிருந்தது. அக்காவின் பங்கில் இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்க மாடு இல்லை. ஜோடியில் ஒன்று கார்த்திகையில் கோமாரி வந்து செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்க முடியாது. வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள். தை மாதம் விதைத்தது முளைத்து நின்றது.

மாமாவின் தம்பியிடம் இரண்டு ஜோடி மாடுகள் இருந்தன. அவர் வந்து சொன்னார்.

"அண்ணி, நா எறச்சி வுடறேன். வெளச்சல்ல பாதி குடுத்துடுங்க."

"பாதியா? கெணறும் என்னுது, வெதையும் என்னுது. தண்ணிய மேல தூக்கி ஊத்தறதுக்குப் பாதியா?"

"மாட்டுக்குத் தீனி யாரு போடறது?"

"மாடு திங்கறது பாதி வெளச்சலயா?"

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவசரப்படாத மனிதர். காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்புகிறவர்களின் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அடுத்த வாரமே அக்கா மிச்சமிருந்த மாட்டையும், தண்ணீர் மொள்ளும் இரும்புச் சாலையும், வடக்கயிற்றையும் விற்றுவிட்டு ஓர் இஞ்சின் வாங்கினாள். திண்டிவனத்தில் ஒரு நெல் மில்லின் பின்கொட்டகையில் கிடந்த இஞ்சின் அது. புதுச்சேரியில் கப்பலுக்குச் சரக்குப் படகுகளை இழுத்துப்போகும் மோட்டார் படகில் ஓடிக்கொண்டிருந்ததாம். படகு புயலில் உடைந்த பிறகு மில்காரர் வாங்கிவந்து கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறார். பெரிய இஞ்சின் வந்ததும் இதைப் பின்னால் தள்ளிவிட்டார். ஒற்றைச் சிலிண்டர், இடுப்புயரச் சக்கரம். ஊதுவிளக்கால் சிலிண்டரின் தலையைச் சூடேற்றிச் சக்கரத்தைச் சுற்றினால் சீமெண்ணெயில் ஓடும். மில்காரர் தன் பழைய காகிதங்களைப் பார்த்து, இஞ்சினின் நம்பரை எழுதி, அக்கா பெயரில் ரசீது கொடுத்தார். ஓட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க, ஒரு டின் எண்ணெயோடு ஓர் ஆளையும் இரண்டு நாள் அனுப்பினார். கற்றுக்கொண்டது அக்கா. எனக்கு அந்தச் சக்கரம் கடைசிவரை பிடிபடவில்லை.

இனி சீமெண்ணெய் வேண்டும். யுத்தத்தில் அது சீட்டுக்குத்தான் கிடைக்கும். இஞ்சினை ஓர் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து, ஓடத் தகுந்தது என்று எழுதினால்தான் சீட்டு. அவர் மாசி முதல் வாரம் வந்தார். இஞ்சின் அப்போது கிணற்று மேட்டில் பனைமர உத்தரங்களின் மேல் இருந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தார். பக்கத்தில் வரவில்லை.

"இதென்ன இஞ்சினா, மண்ணுக்குள்ளேருந்து தோண்டி எடுத்ததா?"

"ஓடுதுங்க சார். இப்பவே ஓட்டிக் காட்டறேன்," என்றாள் அக்கா.

"வேண்டாம்மா. பார்த்தாலே தெரியுதே. உப்புத் தின்ன இரும்பு."

"ரெண்டு நாளா ஓடினு இருக்குது சார்."

"நான் இதுக்கு எண்ணெய் எழுதினா என்னைத்தான் கேட்பாங்க. ஒரு பெயின்ட் கியின்ட் அடிச்சு, பார்க்கிற மாதிரி வெச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க."

ஓடும் இஞ்சினை ஓட்டிப் பார்க்க மறுத்துவிட்டு, வர்ணம் அடித்துக் காட்டச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்திரிகைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் கெட்டுப்போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் பெயின்ட் தேடினேன். நல்ல பெயின்டெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் ஜங்ஷன் பக்கத்தில் போர்டு எழுதும் ஒரு பெயின்டரைப் பிடித்தேன். கிறிஸ்தவர், ஐம்பது வயதிருக்கும். வீட்டு வாசலில் ஒரு டீக்கடைப் பலகையைக் காயவைத்துவிட்டு அதற்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சினுக்கா? சட்டை போடப் போறீங்களா, பொட்டு வெக்கப் போறீங்களா?"

"ஒரு இன்ஸ்பெக்டருக்குக் காட்டணும்."

"அப்ப பொட்டுதான்." உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினார். சாம்பல் நிறம், முக்கால் டப்பா. "இவ்ளோதான் கீது. ஒரு போர்டுக்குன்னு வெச்சேன், அந்த ஆளு வரல. துரு புடிக்காம இருக்க செந்தூரம் கொஞ்சம் தர்றேன், அதை மொதல்ல பூசு. ஆளிவெதை எண்ணெயும் தர்றேன். பழைய பெயின்ட்டை செங்கல் தூள் போட்டுத் தேச்சி எடுக்கணும், அதுமேலயே அப்பிடாத."

"சரி."

"தலைக்குப் பூசாத. சூட்டுல கருகி நாறும். எண்ணெய் தடவித் தொடச்சி வுட்டாப் போதும். அப்பறம், ஒரு பட்டை இருக்கும் பாரு, பித்தளையில. அதுலதான் நம்பரு, ஊரு, எல்லாம். அதை மூடிடாத. மனுஷனுக்கு மூஞ்சி மாதிரி அது."

எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். நான் கற்ற தொழில் அது. கேட்டதை எழுதுவேன். எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

சுத்தம் செய்யவே இரண்டு நாள் ஆயிற்று. அக்கா, நான், அக்காவின் கழனியில் கூலி வேலைக்கு வரும் ஒரு பெண். செங்கல் தூளும் சலவைச் சோடாவும் தேங்காய் மட்டையும் வைத்துத் தேய்த்தோம். துரு ஏடு ஏடாக உரிந்தது. அதன் கீழே படகுக்காரர்கள் அடித்த பச்சை, பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை. அடித்தட்டின் மூலையில் ஒரு சின்னச் சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை நெம்பி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சிலிண்டரின் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. பச்சை கெட்டியாக இருந்தது. தேய்த்தேன், போகவில்லை. நேரமாகிறது என்று அதன்மேலேயே செந்தூரத்தைப் பூசினேன். குறிப்புப் புத்தகம் என் சட்டைப்பையில் இருந்தது.

சாம்பல் நிறம் அடித்தட்டுக்கும் சக்கரத்துக்குமே தீர்ந்துபோயிற்று. சிலிண்டரும் புகைக்குழாயும் செந்தூரச் சிவப்போடு, உரித்த ஆடுபோல் நின்றன. அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு வாங்கின நீலப்பொடி அப்பிடியே இருக்குது. ஒரு மாட்டுக் கொம்புக்கு எவ்ளோ ஆயிடும்? உன் எண்ணெயில கொழச்சா ஒட்டுமா?"

"ஒட்டும்."

"அப்பப் பூசு. இனிமே ஒரு காசு இதுக்குச் செலவு பண்ண மாட்டேன்."

நான் குழைத்தேன். ஆளிவிதை எண்ணெயில் நீலம் நன்றாகவே இறங்கியது. சிலிண்டருக்கு இரண்டு பூச்சு. பெயின்டர் பூசாதே என்ற தலைக்கும் பூசினேன். ஒரு பகுதி மட்டும் வெறும் இரும்பாக நின்றால் இன்ஸ்பெக்டர் அதையும் ஒரு குறையாக எழுதுவார் என்று நினைத்தேன். கூலிக்காரப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, இஞ்சினுக்கு மாட்டுப் பொங்கலா?"

"ஏன், அதுவும் தண்ணிதானே எறைக்கப் போவுது."

"அப்ப நுனிக்குச் செவப்பு வெக்க வேணாமா? செவப்பு இல்லாத அது இன்னா கொம்பு?" என்று சொல்லி, மிச்சமிருந்த செந்தூரத்தை விரலால் வழித்து, மேல்நோக்கி வளைந்திருந்த புகைக்குழாயின் நுனியில் ஒரு சாண் அளவு பூசினாள். மூன்று பேரும் சிரித்தோம். அக்கா அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அந்த ஊர் வழக்கம் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அங்கே மாட்டுப் பொங்கலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொம்பு நிறம் உண்டு. மேய்ச்சலில் மாடுகள் கலந்துபோனால், கொம்பைப் பார்த்து எந்த வீட்டு மாடு என்று சொல்வார்கள். காணாமற்போன மாடு வேறு கட்டுத்தறியில் நின்றால், கணக்குப்பிள்ளை கொம்பு நிறத்தைக் கேட்டுத்தான் பஞ்சாயத்து முடிப்பார். நீலக் கொம்பு, சிவப்பு நுனி. அது மாமா வீட்டு நிறம். பாகம் பிரிந்த பிறகும் அண்ணன் தம்பி இருவரும் அதையே பூசினார்கள். அண்ணன் போன பிறகு, ஊர் கண்ணில் அது தம்பி வீட்டு நிறம். எல்லாம் தெரிந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. இஞ்சினை மாடு என்று சொன்னது எங்களுக்கு வேடிக்கை. ஊருக்கு அது வேடிக்கையாக இல்லை.

எட்டு ஆட்கள் கயிறு கட்டி இஞ்சினையும் அதோடு வாங்கிய பம்பையும் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டில் இறக்கினார்கள். தண்ணீரிலிருந்து அதிக உயரத்தில் வைத்தால் பம்ப் இழுக்காது. படிவழியே இறங்கித்தான் அதை ஓட்ட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்த நாளில் நானும் இருந்தேன். கணக்குப்பிள்ளையோடு வந்தார். மாமாவின் தம்பி வெள்ளைச் சட்டையும் மேல்துண்டுமாகக் கூடவே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. இன்ஸ்பெக்டர் கிணற்று மேட்டில் நின்று குனிந்து பார்த்து, "ஓட்டுங்க," என்றார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். பெல்ட்டைப் பிடிக்க நானும் பின்னால் இறங்கினேன். ஊதுவிளக்கைப் பற்றவைத்து, தலையைச் சூடேற்றி, சக்கரத்தைத் தள்ளினாள். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கிணற்றுக்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பாறைச் சுவரெல்லாம் சேர்ந்து இடிக்கும். சூடேறச் சூடேற நான் தலைக்குப் பூசிய நீலம் கொப்பளித்துப் புகைந்தது. மாட்டுக் கொம்பு தீய்ந்தாற்போல் ஒரு நாற்றம். பெயின்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் குழாயில் ஏறி மேலே தொட்டியில் விழுந்தது. பத்து நிமிஷம் ஓட்டினாள். கையும் முகமும் கரியும் எண்ணெயுமாக அவள் மேலே ஏறிவந்தபோது இன்ஸ்பெக்டரின் ஜட்கா தோப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"எழுதிட்டாரா?" என்றாள்.

"எழுதிட்டாரு அண்ணி. ஒண்ணும் கவலப்படாதீங்க," என்றார் மாமாவின் தம்பி. அவர் பெருவிரலில் மை இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் அவர். அந்த மையை நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

மேலே நடந்ததைக் கூலிக்காரப் பெண்தான் பிறகு சொன்னாள். அவள் தொட்டி ஓரம் நின்றிருந்தாள்.

"சாரு, யாருதுய்யா இதுன்னு கேட்டாரு. கணக்குப்புள்ள கைய நீட்டி, நெறத்தப் பாத்தாலே தெரியலயா சார், இந்த வூட்டு நெறம்னு இவுரக் காட்டினாரு. இவுரு சிரிச்சிக்கினு நின்னாரு. நா சொன்னேம்மா, இது அம்மாவுதுங்க சார்னு. கணக்குப்புள்ள திரும்பி, உன்ன யாரு கேட்டா, போயி வாய்க்காலப் பாருன்னாரு. இவுரு பெருவெரல வெச்சாரு."

"நீ ஏன் கத்திக் கூப்பிடல?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "கத்தினேன் அய்யா. உங்க இஞ்சின் கத்தினதுல என் சத்தம் எங்க கேக்கும்?"

ஒருத்தி கிணற்றுக்குள் தன் கையால் சக்கரம் தள்ளுகிறாள். மேலே நிற்கிற மூன்று ஆண்கள், பத்து நிமிஷம் பொறுத்து அவளிடமே கேட்கலாம். கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னவளை வாய்க்காலுக்குத் துரத்தினார்கள். 

சீட்டு எட்டாம் நாள் வந்தது, மாமாவின் தம்பி பெயரில். அவரே கொண்டுவந்து காட்டினார்.

"யாரு பேருல இருந்தா இன்னா அண்ணி? எண்ணெய் வந்தாச் சரி. ஒரு நா உங்க கழனிக்கு, ஒரு நா என் கழனிக்கு. பேஜாரு இல்லாத வேலை."

"என் இஞ்சின், என் கெணறு."

"எண்ணெய் என்னுது. இஞ்சினு எங்க வூட்டு நெறத்துலதானே கீது? நீங்களே அடிச்சீங்க. நா சொன்னனா?"

 அக்கா அந்தச் சீட்டைக் கையில் வாங்காமல் உள்ளே போனாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார். முதல் வாரம் அப்படி நடந்தது. அடுத்த வாரம் அவர் கழனிக்கு இரண்டு நாள், அக்காவுக்கு ஒரு நாள். எண்ணெய் டின் அவர் வீட்டில் இருந்தது. இஞ்சினை ஓட்டத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். ஆகவே தன் கிணற்றில் இறங்கி, தன் இஞ்சினை ஓட்டி, அவர் கழனிக்குத் தண்ணீர் விட்டாள். மறுத்தால் அவளுக்கு உள்ள ஒரு நாளும் போகும். பங்குனி வெயில் ஏறியது. மணற்பாங்கான மேல்பாத்தியில் செடிகள் மத்தியானத்தில் இலையை மூடிக்கொண்டு, சாயங்காலமும் திறக்காமல் கிடந்தன. பூ உதிர்ந்தது. அதே நாட்களில் விழுப்புரத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்குவது பற்றி ஒரு கூட்டம். ஒரு கிணறுகூடச் சும்மா கிடக்கக் கூடாது என்று பேசினார்கள். நான் அதைப் பன்னிரண்டு வரியில் எழுதி மதிய ரயிலில் சேர்த்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அச்சாயிற்று.

மில்காரரின் ரசீதை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் சீட்டு கொடுக்கும் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா கோப்பைத் தன் பக்கமாகத் திறந்து வைத்தார். நான் தலைகீழாகவும் படிக்கப் பழகியவன். இன்ஸ்பெக்டரின் குறிப்பு ஐந்து வரி. இஞ்சின் நல்ல நிலையில், புதிதாக வர்ணம் பூசப்பட்டு இருக்கிறது. நிறம் நீலம், புகைக்குழாய் நுனி சிவப்பு. நம்பர் காணப்படவில்லை. சொந்தக்காரர் இன்னார் என்று கணக்குப்பிள்ளை சொல்லக் கேட்டு உறுதி செய்யப்பட்டது.

"உங்க ரசீதுல நம்பர் இருக்கு. எங்க குறிப்புல நிறம்தான் இருக்கு. ரெண்டும் ஒரே இஞ்சின்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார் குமாஸ்தா. நல்லவர்தான். சட்டத்தில் எங்கே இடுக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்.

"நெறம் இல்லன்னா?" என்றாள் அக்கா.

"என்ன?"

"நீலமா இருக்கற இஞ்சினுக்குத்தானே இதுல எழுதியிருக்குது. அங்க நீல இஞ்சினே இல்லன்னா?"

குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இந்தக் குறிப்பு செல்லாது. மறுபடியும் பார்த்து எழுதணும். மனு குடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்பரைக் கண்டுபிடிங்கம்மா," என்றார்.

மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே அக்கா கிணற்றில் இறங்கினாள். ஊதுவிளக்கின் சுவாலையை நீலத்தின்மேல் காட்டினாள். வர்ணம் சுருண்டு கொப்பளித்தபோது பழைய கொடுவாளால் சுரண்டினாள். கூலிக்காரப் பெண் செங்கல் தூளோடு பின்னாலேயே தேய்த்தாள். ரசீதைக் கையில் வைத்திருப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. அப்போதுதான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: பித்தளைப் பட்டை, மூடாதே.

"அக்கா, அந்த மேட்டைத் தேய்."

நீலம் போயிற்று, செந்தூரம் போயிற்று, முதல் பச்சை போயிற்று, இரண்டாவது பச்சையும் போயிற்று. பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. எழுத்து இங்கிலீஷில் இல்லை, பிரெஞ்சு. நம்பர் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே. நான் ரசீதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அக்கா பட்டையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஐந்தும் ஒத்துப்போயின.

அவள் என்னைத் திட்டவில்லை. "இதும்மேலயா பூசின?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் வர இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் அக்கா இஞ்சினைத் தொடவில்லை. மாமாவின் தம்பி எண்ணெய் டின்னோடு வந்து கிணற்று மேட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஓட்ட ஆள் தேடித் திண்டிவனம் போனார். வந்த ஆள் ஒரு நாள் முழுக்கச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கை சுளுக்கிக்கொண்டு திரும்பிப் போனான். அவர் கழனிக்கு மறுபடியும் அவர் கிணற்றிலிருந்தே கவலை ஏறியது. அக்காவின் மேல்பாத்தி மொத்தமும் காய்ந்தது. தினம் காலையில் போய்ப் பார்ப்பாள். இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "எதுக்கு, பாலா?" என்றாள். சாகிறவர் வாயில் விடும் பாலைச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர், கணக்குப்பிள்ளை, மாமாவின் தம்பி மூவரும் போன தடவை நின்ற அதே இடத்தில் வந்து நின்றார்கள்.

"என்னம்மா இது, மறுபடியும் துருவா? பெயின்ட் என்னாச்சு?"

"கொம்புக்குப் பூசறது சார். இஞ்சினுக்கு நிக்கல," என்றாள் அக்கா. அவள் மேட்டிலேயே நின்றாள். இறங்கவில்லை.

"சரி, ஓட்டு."

"ஓட்டறேன். அதுக்கு மின்ன நீங்க எறங்கி வந்து நம்பரப் படிங்க."

"மேலேருந்தே..."

"மேலேருந்து நெறம்தான் சார் தெரியும்."

கணக்குப்பிள்ளை குறுக்கே வந்தார். "தே, சார்கிட்ட இன்னா பேச்சு இது? ஓட்டச் சொன்னா ஓட்டு."

"கணக்குப்புள்ள, போன தடவை நா ஓட்டிக்கினு இருக்கச்சே நீங்க பேசினது எனக்குக் கேக்கல. இப்ப இஞ்சினு நிக்குது. இப்பப் பேசுங்க. இது யாருது?"

கணக்குப்பிள்ளை துண்டால் கழுத்தைத் துடைத்தார். தொட்டி ஓரத்திலிருந்து கூலிக்காரப் பெண், யாரையும் பார்க்காமல், "நா வாய்க்காலப் பாக்கப் போவட்டுமாங்க?" என்றாள். மாமாவின் தம்பி அவளை முறைத்தார். இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ரசீதை நான் கொடுத்தேன். குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது சட்டைக் கையில் கரி.

"எழுதறதச் சத்தமா படிச்சிக்கினு எழுதுங்க சார்," என்றாள் மேலேயிருந்து அக்கா.

அவர் படித்துக்கொண்டே எழுதினார். நம்பர், சிலிண்டர் ஒன்று, சொந்தக்காரர் என்று வந்த இடத்தில் நிறுத்தி, "புருஷன் பேர்?" என்றார்.

"செத்துட்டாரு. என் பேர எழுதுங்க."

எழுதினார். அதன் பிறகுதான் அவள் இறங்கி ஓட்டினாள். நீலம் போன, அங்கங்கே கருகிய, உப்புத் தின்ற அதே இரும்பு. மாசியில் ஓடத் தகுந்தது என்று அவர் எழுத மறுத்ததும் இதைத்தான். இப்போது ஓடத் தகுந்தது என்று எழுதினார். அந்த ஒன்றரை மாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்க வேண்டிய தொழிலில் இருந்தவன் நான். நானும் கேட்கவில்லை.

சீட்டு பங்குனிக் கடைசியில் அக்கா பெயரில் வந்தது. வைகாசியில் மல்லாட்டை பிடுங்கினார்கள். கீழ்பாத்தியில் இருந்தது வந்தது. மேல்பாத்திச் செடிகளை இழுத்தால் வேரில் பொக்கும் பிஞ்சுமாகத் தொங்கின. மாட்டுக்குப் போடலாம், மாடு இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் தம்பியின் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தன. அந்தக் காய்களுக்குள் போன தண்ணீரில் பாதி அக்கா சக்கரம் தள்ளி இறைத்தது.

மழை வருமுன் இஞ்சினுக்கு ஏதாவது பூசியாக வேண்டும். இல்லையென்றால் துரு தின்றுவிடும். விழுப்புரத்திலிருந்து பெயின்ட் வாங்கிவருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். மரக்காணத்துக்கு ஆள் அனுப்பி, படகின் அடியில் பூசுகிற தாரில் ஒரு டின் வரவழைத்தாள். தலையை மட்டும் எண்ணெய் தடவி விட்டுவிட்டு, பித்தளைப் பட்டையைச் சுற்றிச் சதுரமாக இடம் விட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் தாரைப் பூசினாள். தூரிகையை என்னிடம் கொடுக்கவில்லை.

மாமாவின் தம்பி கிணற்று மேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணி, கறுப்பு? எந்த வூட்லயும் கறுப்பு பூச மாட்டாங்களே. ஆவாதே."

"தெரியும். அதான் பூசறேன்."

அந்த வெயிலில் தார் காயவேயில்லை. ஆவணிவரை பிசுபிசுவென்றே இருந்தது. தொட்டவர்கள் கையில் ஒட்டிக்கொண்டது, கழுவினாலும் இரண்டு நாள் போகவில்லை. ஒரு முறை மாமாவின் தம்பி வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் அது இருந்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். கிணற்றில் இறங்கி, எண்ணெய் டின்னைத் தூக்கி வந்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள்.